பவர் பிரேக் பூஸ்டர்

பிரேக் பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவே அமரும் உலோக உருளை இது. உள்ளே ஒரு ரப்பர் டயாஃப்ரம். அதன் ஒரு பக்கத்தில் என்ஜின் உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடம். பெடலை மிதித்ததும் மறுபக்கத்தில் வெளிக்காற்று புகுந்து தள்ளும். 9 அங்குல விட்டமுள்ள டயாஃப்ரம், 20 அங்குலப் பாதரச அளவு வெற்றிடத்தில் ஏறத்தாழ 280 கிலோ விசை தரும். வெற்றிடம் பாதியானால் விசையும் பாதிதான்; அதனால் என்ஜினை மாற்றினால் பிரேக்கின் பலமும் மாறலாம்.

ரசிகர்கள் இந்தியாவின் ‘மசில் கார்’ என்று கொண்டாடும் கான்டெசா, 1984-இல் 1,489 சிசி பெட்ரோல் என்ஜினுடன் வந்தது. பின்னாளில் இசுஸு பெட்ரோல், டீசல் என்ஜின்களையும் ஏற்றது. இத்தகைய பழைய கார்களில் என்ஜினை மாற்றுவோர் குதிரைத்திறனைக் கணக்கிடுவார்கள், பிரேக்கை மறந்துவிடுவார்கள். டீசல் என்ஜினில் காற்றைத் தடுக்கும் திராட்டில் வால்வு பொதுவாக இல்லாததால் போதிய வெற்றிடம் பிறக்காது. ஆல்டர்னேட்டரின் பின்புறமோ தனியாகவோ ஒரு வேக்குவம் பம்ப் வேண்டும். பந்தய வகை கேம்ஷாஃப்ட் பொருத்திய பெட்ரோல் என்ஜினிலும் ஐடிலிங்கில் வெற்றிடம் குறையும். சென்னையின் நந்தனம் சிக்னல் போன்ற இடத்தில் நின்று நின்று நகரும்போது பெடல் கல்லாக இறுகுவது இதனால்தான்.

சென்னை பாடியில் 1962-இல் தொடங்கப்பட்ட பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் இவ்வகை பூஸ்டர்களைத் தயாரிக்கிறது.

உங்கள் காரைச் சோதிக்க: என்ஜினை அணைத்துப் பெடலைப் பலமுறை மிதியுங்கள். கடைசியாக மிதித்த காலை எடுக்காமல் என்ஜினை இயக்குங்கள். பெடல் சற்றுக் கீழிறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் வண்டியைச் சாலைக்கு எடுக்காதீர்கள்.