பழைய பெட்டியோடு போன ரகசியம்!

வீட்டில் பழைய பீரோவை விற்கிறோம். வாங்குகிறவர் வண்டியோடு வந்து நிற்கிறார். பீரோவைத் தூக்குவதற்கு முன் என்ன செய்வோம்? ஒவ்வொரு தட்டிலும் கையை விட்டுத் துழாவிப் பார்ப்போம். நகையோ, பத்திரமோ உள்ளே இருந்துவிட்டால்?

இந்தச் சின்ன விஷயத்தில் கோட்டை விட்டது, அமெரிக்காவின் பெரிய பணக் கம்பெனி ஒன்று. அதற்காக அது கட்டிய அபராதம் 9½ கோடி டாலர்!

கையளவு பெட்டி

பெரிய கம்பெனிகளின் கணக்குகள் எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. அவற்றைப் பதிவு செய்து வைக்கும் பெட்டிக்கு "ஹார்டு டிஸ்க்" என்று பெயர். பார்ப்பதற்குக் கையளவுதான். ஆனால் பல லட்சம் பேரின் பெயர், முகவரி, கணக்கு எண் அனைத்தும் அதற்குள் அடங்கிவிடும்.

சில வருடங்கள் ஓடியதும், கம்பெனிகள் புதியவற்றை வாங்கிக்கொள்ளும். பழையதும் வீண் அல்ல. சின்னக் கம்பெனிகள் அதைக் குறைந்த விலைக்கு வாங்கி ஓட்டுகின்றன. இந்த வியாபாரத்தை மட்டுமே செய்கிறவர்களும் உண்டு.

வந்தது கடிதம்!

அந்தப் பணக் கம்பெனியின் பெயர் மார்கன் ஸ்டான்லி. மக்களின் சேமிப்பை முதலீடு செய்து கொடுப்பது அதன் தொழில்.

2016-ம் ஆண்டில் அது தனது இரண்டு கம்ப்யூட்டர் நிலையங்களை மூடியது. அங்கிருந்த சாமான்களை அப்புறப்படுத்தும் வேலையை ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்தது. அது வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் கம்பெனி! பதிவை அழிப்பதில் அதற்கு அனுபவமே இல்லை.

அந்தக் கம்பெனி ஆயிரக்கணக்கான சாமான்களை இன்னொருவருக்கு விற்றது. அவை கைமாறி, கடைசியில் இண்டர்நெட்டில் ஏலத்துக்கு வந்தன.

2017-ல் ஓக்லஹாமா மாநிலத்தில் இருந்து மார்கன் ஸ்டான்லிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் ஒரு கம்ப்யூட்டர் நிபுணர். "ஏலத்தில் ஹார்டு டிஸ்குகள் வாங்கினேன். அவற்றில் உங்கள் கம்பெனியின் விவரங்கள் இருக்கின்றன" என்பதே அதன் சாரம்.

கம்பெனி திடுக்கிட்டது. தேடியதில் சில சாமான்களே திரும்பக் கிடைத்தன. பெரும்பாலானவை போனது போனதுதான்!

பூட்டு இருந்தது, பூட்டவில்லை

விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது. கிளை அலுவலகங்களில் இருந்து கழித்த 42 கம்ப்யூட்டர்களைக் காணவில்லை. விவரங்களைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் வசதி கிளைகளின் கருவிகளில் இருந்தது. ஆனால் பல வருடங்களாக யாரும் அதைப் பயன்படுத்தவில்லை!

2020-ல் பாங்கிகளைக் கண்காணிக்கும் அரசு அலுவலகம் 6 கோடி டாலர் அபராதம் போட்டது. 2022-ல் பங்குச் சந்தை கண்காணிப்பு ஆணையம் மேலும் 3½ கோடி டாலர் விதித்தது. சுமார் 1½ கோடி வாடிக்கையாளர்களின் விவரங்களைப் பாதுகாக்கத் தவறியது என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. கம்பெனி அதை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அபராதத்தைக் கட்டியது.

அழித்தால் அழியுமா?

"அழி" என்ற பொத்தானைத் தட்டினால் போதாதா? போதாது!

புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழித்தால், உள்ளே உள்ள பாடம் அழிந்துவிடுமா? ஹார்டு டிஸ்கும் அப்படித்தான். பெயர்தான் மறையும். பதிவு அப்படியே இருக்கும். தேடத் தெரிந்தவர் எடுத்துவிடுவார்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்கள் இருவர் 158 பழைய ஹார்டு டிஸ்குகளை வாங்கிச் சோதித்தார்கள். 129 வேலை செய்தன. அவற்றில் சரியாக அழிக்கப்பட்டிருந்தவை வெறும் 12! இது 2003-ல் வெளிவந்த முடிவு.

பின் என்ன வழி? டிஸ்க் முழுவதும் வேறு எழுத்துக்களை எழுதி, பழைய பதிவை மூடவேண்டும். அழிந்ததா என்று சோதித்துப் பார்க்கவேண்டும். ஒவ்வொன்றின் எண்ணையும் குறித்துச் சான்று வாங்கவேண்டும். பழுதாகி எழுத முடியாததைத் தூள் தூளாக்கவேண்டும்.

நமக்கும் இது பாடம். பழைய போனை விற்கிறீர்களா? படங்களை மட்டும் நீக்கிவிட்டுக் கொடுக்காதீர்கள். மெமரி கார்டைக் கழற்றுங்கள். போன் முழுவதையும் அழிக்கும் "ரீசெட்" செய்யுங்கள். பிறகு விலை பேசுங்கள்.

பீரோவை விற்கலாம். உள்ளே இருக்கும் பத்திரத்தையும் சேர்த்து விற்கலாமா?