உங்களுக்குத் தெரியுமா? பனிச் சாலையில் லாக்கர் காலை வாரும்!

பின்சக்கரங்கள் இரண்டையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கர், பனிக்கட்டி படிந்த சாலையில் சாதாரண டிஃபரன்ஷியலைவிட (இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பற்சக்கர அமைப்பு) ஆபத்தாகலாம். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் வெறுமனே சுழலும்போது, மற்றது சாலையைப் பிடித்துக்கொண்டு வண்டியின் பின்பக்கம் விலகாமல் காக்கும். பூட்டிவிட்டால் இரண்டும் சேர்ந்தே சுழலும். சாலை ஓரம் சரிவாக இருந்தால் பின்பக்கம் அப்படியே பள்ளத்தை நோக்கி நழுவும்.

• ஆழமான பனியில் ஊர்ந்து ஏற லாக்கர்தான் கில்லாடி. ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி ஏர் லாக்கரை ஓட்டுநரே பொத்தானை அழுத்திப் பூட்டலாம், விடுவிக்கலாம். விடுவித்தால் அது சாதாரண டிஃபரன்ஷியல்தான். தினமும் பனியில் ஓட்டுபவருக்கு, தானாகப் பூட்டிக்கொள்ளும் வகையைவிட இது தேவலை. (குளிர்கால டயர் இல்லையென்றால் எதைப் பூட்டியும் பெரிய பயனில்லை.)

• ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்களில் வரும் ஈட்டன் லாக்கர், இரு சக்கரங்களுக்கிடையே நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்ததும் தானே பூட்டிக்கொள்ளும். மணிக்குச் சுமார் 32 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் பூட்டாது.

• லிமிடெட் ஸ்லிப் என்பது முழுதாகப் பூட்டாமல், ஒரு சக்கரம் வெறுமனே சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல். பற்சக்கரங்களால் இயங்கும் அதன் டார்சன் வகை, சாலையில் மென்மையாக நடந்துகொள்ளும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் மட்டும் கையை விரித்துவிடும். டார்சன் பொருத்திய, அமெரிக்க ராணுவத்தின் ஹம்வீ வண்டி ஓட்டுநர்கள் அப்போது செய்யும் தந்திரம்: ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே பிரேக்கையும் லேசாக அழுத்துவது.

• 1935இல் ஃபெர்டினாண்ட் போர்ஷே, ஆட்டோ யூனியன் பந்தயக் காருக்காக இசட்எஃப் நிறுவனத்திடம் லிமிடெட் ஸ்லிப் கேட்டார். காரணம், காய்ந்த தடத்திலேயே சுழன்ற பின்சக்கரம்!