உயிர் காக்கும் சட்டை

போர்முனையில் ஒரு சிப்பாய் குண்டடி பட்டு விழுகிறான். நள்ளிரவு. பக்கத்தில் யாருமில்லை. அவன் உயிரோடு இருக்கிறானா, குண்டு எங்கே பாய்ந்தது என்பது பின்னால் முகாமில் இருக்கும் டாக்டருக்கு எப்படித் தெரியும்? அடிபட்ட முதல் ஒரு மணி நேரத்திற்குள் சிகிச்சை கிடைத்தால் பலர் பிழைத்து விடுவார்கள். அந்த நேரத்தைப் 'பொன்னான மணி' என்றே டாக்டர்கள் சொல்வதுண்டு.

சிப்பாய் போட்டிருக்கும் சட்டையே சேதி சொன்னால் எப்படி? இதற்கு வழி தேடி, அமெரிக்கக் கடற்படை 1996-ல் பண உதவி அளித்தது. அட்லாண்டா நகரிலுள்ள ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் வேலை தொடங்கியது. அதற்குத் தலைமை தாங்கியவர் சுந்தரேசன் ஜெயராமன். சென்னைப் பல்கலைக் கழகத்தில் 1976-ல் பி.டெக்., 1978-ல் எம்.டெக். பட்டங்கள் பெற்றவர். அவர் ஜவுளித் துறைப் பேராசிரியர் என்பதுதான் விசேஷம்!

சட்டைத் துணியை நெய்யும்போதே நூலோடு நூலாக ஒரு பிளாஸ்டிக் ஒளியிழையையும் சேர்த்தார்கள். அந்த இழை அறுபடாமல் உடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. ஒரு முனையில் ஒளி செலுத்தப்படும். குண்டு பாய்ந்து இழை அறுந்தால், அறுந்த இடத்திலிருந்து ஒளி திரும்பி வந்து விடும். வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கணக்கிட்டால் காயம் பட்ட இடம் தெரிந்து விடும்.

இதில் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. சட்டை தைக்க வேண்டுமானால் கை வைக்கும் இடத்தில் துணியை வெட்டியாக வேண்டும். வெட்டினால் இழை அறுந்து போகுமே! வெட்டும் வேண்டாம், தையலும் வேண்டாம் என்று, முழுச் சட்டையையும் தறியிலேயே நெய்து இறக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். கம்ப்யூட்டர் நிபுணர்களுக்கு அல்ல, தறியை அறிந்தவர்களுக்கே தோன்றக்கூடிய யோசனை இது. இந்த முறைக்கு 2000-ல் அமெரிக்கப் பேடண்ட் கிடைத்தது.

துணியில் மின்சாரம் கடத்தும் நூல்களும் உண்டு. நாடித் துடிப்பு, மூச்சு, உடல் சூடு ஆகியவற்றை அறியும் சிறு கருவிகளைப் பித்தான் மாட்டுவது போல வேண்டிய இடத்தில் மாட்டிக் கொள்ளலாம். அவை தரும் விவரங்களை இடுப்பிலுள்ள சின்னப் பெட்டி வாங்கி வெளியே அனுப்பும். கருவிகளைக் கழற்றி விட்டுச் சட்டையைத் துவைக்கலாம். கம்ப்யூட்டருக்குள் எல்லா உறுப்புகளையும் தாங்கும் பலகைக்கு 'மதர்போர்டு' என்று பெயர். அதனால் இதற்கு 'உடுத்தும் மதர்போர்டு' என்று பெயரிட்டார்கள்.

போர்க்களத்திற்கென்று பிறந்த சட்டை அதோடு நிற்கவில்லை. தூக்கத்திலேயே மூச்சு நின்று போகும் ஆபத்துள்ள கைக்குழந்தைகளுக்கும், வீடு திரும்பிய இருதய நோயாளிகளுக்கும் இது உதவும் என்று ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். இன்று கைக்கடிகாரமே நாடித் துடிப்பைச் சொல்கிறது. ஆனால் கடிகாரத்தைக் கட்ட மறந்து போகலாம். சட்டை போட மறப்பவர் உண்டா?