நீர்வர்ணமும் மனசும்: மன்னார்க் கரையில் ஒரு கேள்வி

"மாமா, கடல நீலத்தாலதானே கீறணும்?"

புத்தளத்தில் பிறந்து வளர்ந்த என் தங்கச்சியின் மகள், மன்னார்த் தீவைப் பார்க்க முதல் தடவையாக வந்தபோது கேட்டது இது. சுபஹு தொழுதுவிட்டு எருக்கலம்பிட்டிக் கரையில் நின்றோம். கடல் நீலமாக இல்லை. கரையோரம் வெளிறிய மண்ணிறம், சற்றுத் தள்ளிப் பாசிப் பச்சை, வானத்தோடு சேரும் இடத்தில் சாம்பல். ஆனால் பிள்ளையின் தாளில் முதல் பூச்சே கடும் நீலம்.

வரைபவரின் மனநிலை படத்தில் தெரியும் என்று எல்லோரும் சொல்வோம். எந்த வழியாக அது படத்துக்குள் வருகிறது என்று கேட்டால் பதில் வராது. நீர்வர்ணத்தை வைத்து அதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ளலாம்.

நீர்வர்ணம் என்பது நுண்ணிய நிறத்தூளை அரபுப் பிசினில் குழைத்தது. ஆபிரிக்காவின் வறண்ட நிலத்து வேல மரங்கள் தரும் பிசின் அது. நமது தீவில் குடை விரித்த மாதிரி நிற்கிற உடை மரத்துக்கு அவை சொந்தக்கார மரங்கள். தண்ணீரில் கரைத்துப் பூசினால், தண்ணீர் ஆவியாகப் போக, நிறம் தாளில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் வர்ணத்தைப் போல மேலே வெள்ளை பூசி மறைக்க இதில் வழியில்லை. தாளின் வெண்மைதான் படத்தின் வெளிச்சம். அலை நுரையோ உப்பளத்துக் குவியலோ வெள்ளையாக இருக்க வேண்டுமென்றால், அந்த இடத்தை முதலிலேயே தொடாமல் விட்டுவைக்க வேணும்.

மன்னாரில் இதோடு காற்றும் சேர்ந்துகொள்ளும். சோளகம் வீசும் மாதங்களில் பூசிய நிறம் உடனே காய்ந்துவிடும். வாடைக் காலத்து ஈரத்தில் அதே நிறம் காயாமல் ஓடிக்கொண்டே இருக்கும். காயுமுன் கொஞ்சம் உப்புத் தூவினால், அது சுற்றியுள்ள நீரை உறிஞ்சி, சிறு பூக்கள் போல வெளிறிய புள்ளிகளை விடும். உப்புப் பூத்த தரவை நிலத்தைக் கீற இதைவிடப் பொருத்தமான முறை வேறில்லை.

இப்போது மனசுக்கு வருவோம். அது படத்துக்குள் வர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கை. பயப்படுகிறவர் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தடவுவார்; நிறம் சேறாகிவிடும். அவசரக்காரர் காயாத நிறத்துக்குப் பக்கத்திலேயே அடுத்ததைப் பூசுவார். இரண்டும் கலந்து எல்லை அழியும். இது பயிற்சியால் திருந்தக்கூடியது. இரண்டாவது வழி கண். சிக்கல் அங்கேதான்.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் தமது 'கிதாபுல் மனாழிர்' நூலில் இதை ஆராய்ந்திருக்கிறார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் பார்வை உண்டாகிறது என்ற பழைய கருத்தை அவர் மறுத்தார். பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வருகிறது என்றார். அதோடு நிற்கவில்லை. வந்த ஒளியை உள்ளம் முன்பு அறிந்தவற்றோடு ஒப்பிட்டுத் தீர்மானிக்கிறது என்றும், அந்தத் தீர்மானம் வெகு விரைவாக நடப்பதால் நமக்கே தெரியாமல் போகிறது என்றும் விளக்கினார். நம்ம பிள்ளைக்கு நடந்ததும் அதுதான். 'கடல்' என்ற தீர்மானம் முந்திக்கொண்டது. கண் பார்த்த சாம்பல் பின்தங்கிவிட்டது. வரைபவரின் உள்நிலை என்பது அவருடைய கவலையும் சந்தோசமும் மட்டுமல்ல; எதைப் பார்க்க அவர் தயாராக இருக்கிறார் என்பதும்தான்.

இந்தத் தயாரிப்புக்கு நமது கரையோடு தொடர்புள்ள உதாரணம் ஒன்று உண்டு. அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைக்கு அப்பாலுள்ள முத்துப்பார்களை 1906இல் பிரித்தானியக் கம்பனியொன்று குத்தகைக்கு எடுத்தது. கீழக்கரையிலிருந்தும் அரபு வளைகுடாவிலிருந்தும் முஸ்லிம் குளியாளிகள் வந்து மூழ்கிய அதே பார்கள். அந்தக் கம்பனியின் ஆய்வுகூடத்தில் 1907இல் உதவியாளராகச் சேர்ந்தார் ஜோர்ஜ் மொரிசன் ரீட் ஹென்றி. 1891இல் இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, மூத்த சகோதரிகளிடம் வீட்டிலேயே பாடம் படித்தவர். 1910இல் கொழும்பு நூதனசாலையில் படவரைஞரானார். பிறகு பூச்சியியல் பிரிவில் பணியாற்றி 1946இல் ஓய்வு பெற்றார். இலங்கைப் பறவைகளை அவர் வரைந்த வர்ணப் படங்கள் 1927 தொடக்கம் வெளிவந்தன. 1955இல் வந்த அவரது பறவை வழிகாட்டி நூலைப் பறவை ஆர்வலர்கள் இன்றைக்கும் எடுத்துப் பார்க்கிறார்கள். அவருடைய தன்வரலாற்றின் தலைப்பே முத்திலிருந்து ஓவியத்துக்கு வந்த பயணத்தைத்தான் சொல்கிறது.

இறகின் ஓரத்து நிறம் எங்கே மாறுகிறது என்று பார்க்க, 'இது கொக்கு, எனக்குத் தெரியும்' என்ற எண்ணத்தை ஒதுக்கிவைக்க வேணும். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அரண்மனையில் உஸ்தாத் மன்சூர் செய்ததும் இதைத்தான். 1612இல் கோவாவிலிருந்து வந்த வான்கோழி அங்கே யாரும் கண்டிராத பறவை. அதை வரைய, கண்ணை மட்டுமே நம்ப வேண்டியிருந்தது.

உயிருள்ளவற்றை வரைவது குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதை நாம் அறிவோம். ஆனால் படம் வரைந்து பிழைத்த ஒருவருக்கு, மரத்தையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டியது ஹதீஸ் தொகுப்புகளில் உண்டு. பள்ளிமுனையின் பெருக்க மரமும், பனங்காடும், சேற்றுத் திட்டும், கடலும் நமது பிள்ளைகளுக்குத் திறந்தே கிடக்கின்றன. படைப்பைச் சிந்தித்துப் பார்த்தலான தஃபக்குர் நமக்குப் புதிய விசயமுமல்ல.

நமது சமூகத்துக்கு இது வெறும் கலைப் பயிற்சி அல்ல. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, தீவின் மக்கள் கடல் வழியாகக் கற்பிட்டிக்குப் போய் இறங்கினார்கள். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு மன்னார் என்பது பெரியவர்கள் சொன்ன கதை. என் உம்மாவின் கதையில் கடல் எப்போதும் நீலம், கிணற்றுத் தண்ணி எப்போதும் இனிப்பு. அது பொய்யல்ல, இழந்தவர்களின் நிறம் அது. ஆனால் அந்த நிறத்தை மட்டும் கீறிக்கொண்டிருந்தால், இன்றைய கரை நம் கண்ணில் படாமலே போய்விடும். 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட வங்காலைச் சரணாலயத்துக்குப் பூநாரைகள் பனிக்காலத்தில் வருகின்றன. தீவின் தெற்குக் கரையில் 30 காற்றாலைகள் சுழல்கின்றன. இரண்டையும் பார்த்துப் பதிந்துவைக்க ஆள் வேணும்.

பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறவர்களுக்கு ஒரு சின்ன யோசனை. பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப் போங்கள். முதல் பத்து நிமிசம் தூரிகையைத் தொட விடாமல், கண்ட நிறங்களைச் சொல்லில் எழுதச் சொல்லுங்கள். ஒரே இடத்தைக் காலையிலும் அஸருக்குப் பிறகும் கீறச் சொல்லுங்கள். எதை வெள்ளையாக விடுவது என்று முதலில் தீர்மானிக்கட்டும்.

அன்று மருமகள் இரண்டாவது தாளை எடுத்தாள். சாம்பலும் கொஞ்சம் பச்சையும் குழைத்தாள், நீலத்தைத் தொடவில்லை. வெயில் ஏறி, பத்து மணியளவில் தூரத்துக் கடலில் மெல்ல நீலம் விழுந்தது. அவள்தான் முதலில் கண்டாள்.

"மாமா, இப்ப நீலம் பூசட்டா?"