முந்துவது எந்த இழை?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணினி அறிவியல் மாணவர்

கணினி ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்வதைக் கண்டு நாம் வியக்கிறோம். ஒரே நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் வேலைத் தொடர்களுக்கு இழைகள் என்று பெயர். அவை ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்வதில் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு.

எங்கள் வீட்டில் பால் கணக்கைச் சிலேட்டில் எழுதுவது வழக்கம். அதில் 20 லிட்டர் என்று இருப்பதாகக் கொள்வோம். 5 லிட்டர் கறந்து வந்த அம்மா அதைப் பார்த்து மனக்கணக்குப் போடுகிறார். அதே சமயம் 3 லிட்டர் கறந்த அக்காவும் அதே 20-ஐப் பார்க்கிறார். அம்மா 25 என்று எழுதுகிறார். அக்கா அதை அழித்து 23 என்று எழுதுகிறார். இருக்க வேண்டியதோ 28! கூட்டலில் எவரும் தவறவில்லை. ஆயினும் 5 லிட்டர் காணவில்லை.

கணினியும் ஓர் எண்ணைக் கூட்டும்போது படித்தல், கூட்டல், திரும்ப எழுதுதல் என்று மூன்று படிகளில்தான் பெரும்பாலும் செய்கிறது. நடுவில் மற்றோர் இழை புகுந்தால் விடை பிழையாகும். எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விடை மாறும் இந்நிலையே 'பந்தய நிலை' எனப்படும்.

இது வெறும் கணக்குப் பிழையன்று. கனடாவில் உருவான தெராக்-25 என்னும் கதிர்வீச்சு மருத்துவக் கருவி, 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைச் செலுத்தியது. சிலர் உயிரிழந்தனர். அவற்றுள் இரண்டு விபத்துகள் 1986-இல் அமெரிக்காவின் டைலர் நகரில் நடந்தவை. இயக்குபவர் தவறாகத் தட்டிய எழுத்தை எட்டு நொடிகளுக்குள் திருத்தினார். திரை திருத்தத்தைக் காட்டியது. ஆனால் காந்தங்களை அமைத்துக்கொண்டிருந்த நிரற்பகுதி அதைக் கவனிக்கவில்லை. நிறுவனப் பொறியாளர்கள் சோதித்தபோது பிழை தோன்றவில்லை. மருத்துவமனையின் இயற்பியலாளரும் இயக்குபவரும் விரைவாகத் தட்டிப் பார்த்த பின்னரே உண்மை புலப்பட்டது. முந்தைய கருவியில் இருந்த வன்பொருள் தடைகள் இதில் நீக்கப்பட்டிருந்தன என்பது மற்றொரு வேதனை.

இதற்கு மருந்து என்ன? ஒருவர் எழுதி முடிக்கும்வரை சிலேட்டை மற்றவர் தொடக்கூடாது. இந்தப் 'பூட்டு' முறைக்கு 1965-இலேயே டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா வழிகாட்டினார். ஆனால் பூட்டிலும் கவனம் தேவை. இரண்டு இழைகள் ஆளுக்கொரு பூட்டை வைத்துக்கொண்டு அடுத்தவரின் பூட்டுக்காகக் காத்திருந்தால் இரண்டுமே நின்றுவிடும்.

தோழர்களே! ஆய்வகத்தில் பத்து முறை ஓட்டினோம், பத்து முறையும் சரியான விடை வந்தது என்று நாம் மகிழ்கிறோம். பதினோராவது முறை முந்துவது எந்த இழை என்று ஒரு கணம் சிந்திப்போம். அந்த நிரலின் மறுமுனையில் ஒரு நோயாளி படுத்திருக்கலாம்.