கண்ணாடியின்றி ஆழங்காட்டும் திரைகள்: பிரிதிறன் இழப்பும் விழிமுரணும்

வளர்ந்தோரின் இரு விழிகளுக்கிடையே ஏறத்தாழ 6.5 செ.மீ. இடைவெளி உள்ளமையால், ஒரே பொருளை அவை சற்றே மாறுபட்ட கோணங்களில் காண்கின்றன. அம்மாறுபாட்டிலிருந்து மூளை ஆழத்தை உணர்வதைச் சார்லஸ் வீட்ஸ்டோன் 1838-இல் ஸ்டீரியோஸ்கோப் கருவியின்வழி மெய்ப்பித்தார். எனவே, தட்டைத்திரையில் ஆழம் தோன்ற வேண்டுமாயின் ஒவ்வொரு விழிக்கும் தனித்தனிப் படம் சென்றுசேர வேண்டும்.

சிறப்புக் கண்ணாடி அணியாமலே இதனை நிகழ்த்தும் வழியொன்றுக்கு அமெரிக்கரான பிரெடெரிக் ஐவ்ஸ் 1903-இல் காப்புரிமை பெற்றார். இடமாறுதோற்றத் தடுப்பு எனத்தகும் அம்முறையில், படத்தின் முன்னர்ச் சிறிது இடைவெளிவிட்டு, நுண்ணிய செங்குத்துப் பிளவுகளையுடைய தகடு பொருத்தப்படும். ஒரே பிளவின் வழியாக நோக்கினும், பார்வைக் கோடுகள் குறுக்கிடுவதால் வலவிழி ஒரு நிரலையும் இடவிழி அதன் வலப்புற நிரலையும் காணும்.

2011-இல் வெளிவந்த நிண்டெண்டோ 3டிஎஸ் விளையாட்டுக் கருவி இக்கோட்பாட்டையே கையாண்டது. அதன் மேல்திரையில் கிடைமட்டமாக 800 படப்புள்ளிகள் இருப்பினும், ஒரு விழிக்குக் கிட்டுவன 400 மட்டுமே. தடுப்பு ஒளியையும் விழுங்குகிறது. உருளைவில்லைத் தகடு ஒளியை மறைக்காமல் திசைதிருப்புவதால் திரையின் பொலிவு காக்கப்படும். பிரிதிறன் இழப்போ நீங்குவதில்லை.

இதனினும் ஆழமான இடர்ப்பாடு கண்ணிலேயே உள்ளது. இயற்கைக் காட்சியில் விழிகள் ஒரு பொருளை நோக்கித் திரும்புதலும், விழிவில்லை அதே தொலைவுக்குக் குவிதலும் இணைந்தே நிகழும். இத்திரைகளிலோ விழிகள் தோற்ற ஆழத்திற்குத் திரும்ப, வில்லை திரைப்பரப்பிலேயே குவிந்து நிற்கிறது. கண்சோர்விற்கும் தலைவலிக்கும் இம்முரண் ஒரு காரணமாகும். ஆறு வயதும் அதற்குட்பட்டதுமான குழந்தைகள் முப்பரிமாணக் காட்சியைத் தவிர்க்க வேண்டுமென அந்நிறுவனமே அறிவுறுத்தியமை ஈண்டு நோக்கத்தக்கது.

வண்ண ஒளிப்படத்திற்காக 1908-இல் நோபெல் பரிசு பெற்ற கபிரியேல் லிப்மன், அதே ஆண்டில் வேறொரு வழியை முன்மொழிந்தார். இரு படங்களை மட்டும் பிரித்தனுப்பாமல், நுண்வில்லை அணியின் வாயிலாகப் பல திசைக் கதிர்களையும் மீட்டுருவாக்குவதே அது. ஒரே கண்பாவைக்குள் பல கதிர்கள் நுழைந்தால் வில்லையும் தோற்ற ஆழத்தில் குவியும். ஆயின் கிடையாக எட்டும் நெடுக்காக எட்டுமாக 64 திசைகளைக் காட்டினால், 7680 × 4320 படப்புள்ளித் திரையும் 960 × 540 ஆகச் சுருங்கும். அந்த 64 திசைகளும் அகன்ற பார்வைப்பரப்பில் பரவுமிடத்து, சில மில்லிமீட்டரே அகன்ற கண்பாவைக்குள் ஒன்றுக்கு மேற்பட்டவை நுழைதல் அரிது. அந்நிலையில் விழிமுரணும் எஞ்சும்.