திருவிதாங்கூர்ச் சக்கரம்



'பணம்' என்று இன்று நாம் பொதுப்படச் சொல்லும் சொல் முன்னாளில் ஒரு நாணயத்தின் பெயராகும். அதனினும் சிறிய வெள்ளி நாணயத்துக்குச் 'சக்கரம்' என்று பெயர். கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகள் திருவிதாங்கூரில் அடங்கியிருந்த காலத்தில், எங்கள் தேங்காய்ப்பட்டணத்திலும் தேங்காயும் கயிறும் விலைபோனது இந்தக் கணக்கிலேதான்.

முதலில் வாய்பாட்டை அறிவோம். 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். எனவே சர்க்கார் ரூபாய்க்குச் சக்கரம் 28. பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கோ சக்கரம் 28½. அரைச் சக்கரந்தானே என்று எண்ணிவிடலாகாது. 100 பிரிட்டிஷ் ரூபாய் 2,850 சக்கரமாகும். அதாவது 101 சர்க்கார் ரூபாய், 5 பணம், 2 சக்கரம். ரூபாய்க்கு ரூபாய் என்று மாற்றிக்கொண்ட அப்பாவிக்கு 50 சக்கரம் நட்டம். கணக்கறிவு அந்நாளில் எளியவரின் உழைப்புக்கு வேலியாக நின்றது.

சக்கரம் ஏறத்தாழ மூன்று குன்றிமணி எடையுள்ளது. சட்டைப் பொத்தானினும் சிறியது. பழஞ்சக்கரங்கள் கையால் அடிக்கப்பட்டவை. அடிக்கும் முறை இதுவே: எடையறிந்த வெள்ளித் துணுக்கை, கீழே பதித்த அச்சின்மேல் வைப்பர், மேலச்சை அதன்மீது நிறுத்திச் சுத்தியலால் ஓங்கி அடிப்பர். ஒரே அடியில் இரு முகங்களும் பதியும். அச்சு சற்றே விலகினால் உருவத்தின் ஒரு பகுதி வெளியே போய்விடும். ஆதலால் ஒன்றைப்போல் மற்றொன்று இராது.

இத்துணைச் சிறிய காசுகளை ஆயிரக்கணக்கில் எண்ணுவது எங்ஙனம்? அதற்கெனவே சக்கரப் பலகை தோன்றியது. சக்கரத்தின் அளவுக்கே குழிகள் குடைந்த மரப்பலகை அது. ஒரு கை நிறையச் சக்கரத்தை அதன்மேல் கொட்டி மெல்ல அசைப்பர். குழிக்கு ஒன்றாக விழும். மிகுந்தவற்றைக் கையால் தள்ளிவிடுவர். குழிகள் நிறைந்தனவா என்று ஒருமுறை பார்த்தால் போதும்; எண்ணிக்கை முடிந்தது. கொடுப்பவனும் வாங்குபவனும் ஒருங்கே காணும் சான்று அது; அங்கே ஏமாற்றுக்கு இடம் குறைவு.

மேல்நாட்டிலும் இந்நிலையே இருந்தது. ஜெர்மனியின் லூபெக் முதலிய சுதந்திர நகரங்கள் சுத்தியலால் அடித்த வெள்ளிக் காசுகளையே வழங்கின. அத்தகைய காசின் விளிம்பு ஒழுங்கற்றிருப்பதால், சிறிது வெட்டி எடுத்தாலும் எளிதில் தெரியாது. இங்கிலாந்து 1662-இல் இயந்திர நாணயத்துக்கு மாறியது இத்திருட்டைத் தடுக்கவுமே. திருவிதாங்கூரில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சக்கரம் செம்பாகி, இயந்திரத்தில் உருவாயிற்று.

1949-இல் திருவிதாங்கூர் கொச்சியோடு இணைந்தது. 1956 நவம்பர் 1-இல் நம் பகுதி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. 1957 ஏப்ரல் 1-இல் நயா பைசா வந்தது. சக்கரம் வழக்கொழிந்தது.

உங்கள் வீட்டுப் பழம்பத்திரங்களில் பணம், சக்கரம் என்னும் கணக்கு இருக்கக்கூடும், படித்துப் பாருங்கள். பழைய பெட்டியில் ஒரு சக்கரம் கிடைத்தால் புளியிட்டுத் தேய்க்காதீர்கள், உருக்கவும் கொடுக்காதீர்கள். நிலத்தில் புதையலாகக் கிடைப்பின் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு அறிவிப்பது கடமை. உருக்கினால் மிஞ்சுவது மூன்று குன்றிமணி வெள்ளி; காத்தால் மிஞ்சுவது நம் முன்னோர் நாள்தோறும் செய்த கொடுக்கல் வாங்கலின் வரலாறு.